சீட்டியடிப்பவன் கேப்டன் அல்ல

வால்ட் டிஸ்னி அனிமேஷன் ஸ்டூடியோஸ் அண்மைக் காலத்தில் தயாரித்த எந்தப் படத்தைப் போட்டாலும் கதை தொடங்குமுன் இதைப் பார்க்கலாம். தாள்கள் புரள்கின்றன. பென்சில் கோடுகள் கூடி ஓர் எலியாகின்றன. அந்த எலி கப்பலின் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, உடம்பை ஆட்டி ஆட்டிச் சீட்டியடிக்கிறது. நிறுவனத்தின் பெயர் தெரிகிறது, முடிந்தது. 2007-இல் வந்த ‘மீட் த ராபின்சன்ஸ்’ படத்தில்தான் இந்த லோகோ முதலில் வந்தது. கறுப்பு வெள்ளையில் இருக்கும் அந்தச் சில நொடிகள் 1928-இல் வெளியான ‘ஸ்டீம்போட் வில்லி’ என்ற குறும்படத்திலிருந்து எடுக்கப்பட்டவை.

“நாங்கள் இங்கிருந்து புறப்பட்டோம்” என்று வாய்திறக்காமல் சொல்லும் லோகோ இது. சொல்வது சரிதானா என்று பார்க்க நினைத்தேன். இதற்காக டிஸ்னி இருக்கும் பர்பாங்க் வரை போகவேண்டியதில்லை. படத்தை 2009-இல் ஸ்டூடியோவே யூடியூபில் ஏற்றிவிட்டது. அந்தக் கால நாளிதழ்களையும் திரையுலக இதழ்களையும் நூலகங்கள் ஸ்கேன் செய்து வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் 1909-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் கிடைக்கிறது, அதை வைத்துச் சண்டைபோட்ட சட்டக் கட்டுரைகளும் கிடைக்கின்றன. பொறுமை மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும்.

முதலில் படத்தையே லோகோவோடு ஒப்பிட்டேன். சீட்டியடிக்கும் காட்சி படத்தின் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. ஆற்றில் கப்பல் புகைவிட்டு வருகிறது, சுக்கானில் மிக்கி, உல்லாசமாகச் சீட்டி. லோகோ இந்த இடத்தில் வெட்டிக்கொள்கிறது. படம் வெட்டவில்லை. அடுத்து பீட் என்ற தடியன் மேலே ஏறி வருகிறான். அவன்தான் கேப்டன். சுக்கானைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்த கூலிப்பையனை அங்கிருந்து விரட்டுகிறான். மிக்கி படிகளில் உருண்டு, சோப்பில் வழுக்கி, வாளியில் போய் விழுகிறது. கிளி ஒன்று அதைப் பார்த்துக் கேலியாகச் சிரிக்கிறது. கடைசியில் மிக்கிக்குக் கிடைக்கும் வேலை உருளைக்கிழங்குத் தோல் சீவுவது. ஆக, முதலாளி இல்லாத நேரத்தில் அவர் இடத்தில் நின்று சீட்டியடித்த வேலைக்காரனின் படம்தான் இன்று ஒரு மாபெரும் நிறுவனத்தின் அடையாளம். வெட்டு சில நொடி தள்ளி விழுந்திருந்தால் லோகோவின் பொருளே தலைகீழாகியிருக்கும். படத்தொகுப்பு என்ற கலையின் வலிமைக்கு இதைவிடச் சிறிய உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இது மிக்கியின் முதல் படமும் இல்லை. 1928-இன் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னியின் கையிலிருந்து ஆஸ்வால்ட் என்ற முயல் பறிபோனது. பாத்திரத்தின் உரிமை யுனிவர்சலிடம் இருந்தது. இடைத்தரகராக இருந்த சார்லஸ் மின்ட்ஸ், டிஸ்னியின் ஓவியர்களில் பெரும்பாலோரையும் இழுத்துக்கொண்டார். போகாமல் நின்றவர்களில் முக்கியமானவர் அப் ஐவர்க்ஸ். கான்சஸ் சிட்டியில் 1919-இல் ஒரு விளம்பர ஓவியக் கூடத்தில் வால்ட்டுக்குப் பழக்கமான ஐவர்க்ஸ்தான் ‘பிளேன் கிரேசி’ என்ற முதல் மிக்கி படத்தை ஏறக்குறைய ஒற்றை ஆளாக வரைந்தார். மற்ற ஓவியர்கள் ஒப்பந்தப்படி கடைசி ஆஸ்வால்ட் படங்களை முடித்துக்கொண்டிருந்ததால், அவர்கள் கண்ணில் படாமல் இந்த வேலை நடந்தது. 1928 மே 15 அன்று அதை மௌனப் படமாகப் போட்டுக் காட்டினார்கள். விநியோகஸ்தர் எவரும் கைநீட்டவில்லை. அடுத்து ‘கேலப்பிங் காச்சோ’. அதற்கும் அதே கதி. ‘ஸ்டீம்போட் வில்லி’ மூன்றாவது. முதல் இரண்டையும் பின்னால் ஒலி சேர்த்துத்தான் வெளியிட்டார்கள். உற்றுப் பார்த்தால் கண்ணிலேயே வித்தியாசம் தெரியும்: ‘பிளேன் கிரேசி’யின் மிக்கிக்கு வெள்ளை விழியும் அதனுள் பாப்பாவும் உண்டு, லோகோவில் சீட்டியடிக்கும் மிக்கிக்கு வெறும் கறுப்புப் பொட்டுகள்தான்.

சரி, முதல் ஒலிக் கார்ட்டூனாவதா? இங்கேதான் பழைய நாளிதழ் உதவியது. படம் நியூயார்க்கின் கொலனி திரையரங்கில் 1928 நவம்பர் 18 அன்று, ‘கேங் வார்’ என்ற முழுநீளப் படத்தோடு இணைத்துக் காட்டப்பட்டது. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் விமர்சனத்தில், பெரிய படத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிற போக்கில் இதையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். முதல் ஒலிக் கார்ட்டூன் என்று அதில் அச்சாகியிருக்கிறது. மிக்கி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் குறைத்து அச்சிட்டிருக்கிறார்கள் என்பது வேறு. அதாவது இந்தப் புராணத்துக்குப் படத்தைவிட ஒரே ஒரு நாள்தான் வயது குறைவு. உண்மையில் மேக்ஸ் ஃபிளைஷரின் ஸ்டூடியோ 1924 முதலே லீ டி ஃபாரஸ்ட் என்பவரின் ஃபோனோஃபில்ம் ஒலிப்பதிவு முறையில் பாட்டுக் கார்ட்டூன்களைத் தயாரித்துவந்தது. பால் டெர்ரியின் ‘டின்னர் டைம்’ என்ற ஒலிப்படம் ‘ஸ்டீம்போட் வில்லி’க்கு முன்பே நியூயார்க்கில் காட்டப்பட்டது. வால்ட் அதைப் பார்த்துவிட்டு, இதற்கெல்லாம் பயப்படவேண்டியதில்லை என்ற தொனியில் வீட்டுக்குக் கடிதம் எழுதினார். வால்ட் ஒலிப்பதிவு செய்த சினிஃபோன் முறையே டி ஃபாரஸ்டின் முறையிலிருந்து கிளைத்தது. அதை பாட் பவர்ஸ் என்ற பழம்தின்று கொட்டைபோட்ட வியாபாரிக்காக உருவாக்கியவர் டி ஃபாரஸ்டிடம் முன்பு வேலைபார்த்த வில்லியம் காரிட்டி. ஃபிளைஷரும் டிஸ்னியும் ஒரே ஊற்றுத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறார்கள்.

அப்படியானால் இந்தப் படத்தின் தனித்தன்மை என்ன? தாளம். இதில் ஸ்டூடியோ பெருமைப்படுவது நியாயம். முந்தைய ஒலிக் கார்ட்டூன்களில் சத்தம் படத்தின்மேல் போர்த்தப்பட்டது. இதில் படமே சத்தத்துக்காக வரையப்பட்டது. இளம் ஓவியர் வில்ஃப்ரெட் ஜாக்சனுக்கு மவுத்ஆர்கன் வாசிக்கத் தெரியும். தாய் இசை ஆசிரியை என்பதால் மெட்ரோனோம் என்ற தாளக் கருவியும் பழக்கம். ஒலிப்படம் நொடிக்கு 24 சட்டகம் ஓடும். மெட்ரோனோம் நொடிக்கு இரண்டு தட்டினால் ஒரு தட்டுக்கு 12 சட்டகம். இந்தக் கணக்கு கையில் வந்துவிட்டால் இசைக்கலைஞர் ஒருவரும் பக்கத்தில் இல்லாமலே ஓவியர் தாளத்துக்கு வரையலாம். படம் பாதி முடிந்ததும் ஸ்டூடியோவிலேயே ஒரு பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டி ஓட்டினார்கள். ஜாக்சன் மவுத்ஆர்கன் ஊத, மற்றவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைத் தட்டினார்கள். மனைவிமார்தான் ரசிகர்கள்.

செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த உண்மையான ஒலிப்பதிவு அவ்வளவு சுகமாக இல்லை. இசைக்குழுவை நடத்திய கார்ல் எடுவார்டால் முதல் முயற்சியில் படத்தோடு தாளத்தைப் பொருத்த முடியவில்லை. அன்று போட்ட பணம் அத்தனையும் வீண். இரண்டாவது அமர்வுக்குக் காசு புரட்ட வால்ட் தன் மூன் காரை விற்கச் சொன்னார். இம்முறை படச்சுருளிலேயே மேலும் கீழும் துள்ளும் ஒரு பந்தை அச்சிட்டுக் கொடுத்தார்கள். பந்து விழும் இடத்தில் தட்டு. பார்த்து நடத்தினால் போதும். லோகோவில் இன்று நாம் கேட்கும் சீட்டியின் கச்சிதத்துக்குப் பின்னால் நம் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பந்து துள்ளிக்கொண்டிருக்கிறது.

சீட்டியின் மெட்டு? அதுவும் டிஸ்னியுடையதில்லை. ‘ஸ்டீம்போட் பில்’ என்ற பிரபலமான நகைச்சுவைப் பாட்டு அது. லைட்டன் சகோதரர்கள் இசையமைக்க, ரென் ஷீல்ட்ஸ் எழுதி, 1910-இல் வெளியானது. பஸ்டர் கீட்டனின் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ 1928 மே மாதம் வந்து, அந்தப் பெயரை மறுபடி எல்லோர் வாயிலும் போட்டது. வால்ட்டின் தலைப்பு அதைக் கிண்டலாகத் தொட்டுக்கொண்டது. கடன்வாங்கிய மெட்டைக் கடன்வாங்கிய தலைப்பின்கீழ் பாடியதில் தவறேதும் இல்லை. அன்றைய கார்ட்டூன் தொழில் முழுவதும் அப்படித்தான் ஓடியது. கீட்டன் தரப்பிலிருந்து யாரும் வழக்குப் போடவில்லை என்பதை மட்டும், பிற்காலத்து டிஸ்னி வழக்கறிஞர்களை நினைத்துக்கொண்டு, குறித்துவைக்கலாம்.

நவம்பர் 18 என்ற தேதிக்கும் ஒரு சின்னக் கதை உண்டு. மிக்கியின் பிறந்தநாள் என்று உலகமே கொண்டாடும் தேதி அது. ஆனால் பல பத்தாண்டுகள் ஸ்டூடியோ அந்தப் பிறந்தநாளைத் தோதுப்பட்ட ஏதோ ஓர் இலையுதிர்கால நாளில் கொண்டாடிவந்தது. 1970-இல் டிஸ்னி ஆவணக்காப்பகத்தைத் தொடங்கிய டேவ் ஸ்மித்தான் பழைய ஆதாரங்களைத் துருவி, கொலனியில் படம் முதலில் ஓடிய நாளை நிலைநாட்டினார். திரையரங்கு மேலாளர் ஹாரி ரைக்கன்பாக் இரண்டு வாரத்துக்கு ஒப்புக்கொண்டு, வாரத்துக்கு 500 டாலர் கொடுத்திருந்தார். நிறுவனத்தின் சம்பளத்தில் இருந்துகொண்டு நிறுவனத்தின் சொந்தப் பழக்கத்தையே திருத்திய ஸ்மித்தை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

இனி லோகோ காட்டாத இடத்துக்கு வருகிறேன். படத்தில் சீட்டிக்கு முன்னால் ஒரு டைட்டில் கார்டு வருகிறது. இன்று புழங்கும் பிரதிகளில் அதில் இருப்பதைத் தமிழில் வரிசையாகச் சொன்னால்: டிஸ்னி கார்ட்டூன்ஸ் வழங்கும் மிக்கி மவுஸ் ஒலிக் கார்ட்டூன்; படத்தின் பெயர்; அப் ஐவர்க்ஸ் கைவண்ணத்தில் ஒரு வால்ட் டிஸ்னி நகைச்சுவை; ஒலிப்பதிவு பவர்ஸின் சினிஃபோன் முறை; கடைசியாக, பதிப்புரிமை என்ற சொல்லும் ரோமன் எண்ணில் 1929-உம்.

படம் 1928-இல் ஓடியது. அட்டை 1929 என்கிறது. பதிப்பாளர்கள் ஆண்டுக் கடைசியில் வரும் புத்தகத்துக்கு அடுத்த ஆண்டைப் போடுவது உண்டு, அப்படி இருக்கலாம். ஆனால் எனக்கென்னவோ, கொலனியில் காட்டிய அட்டை இதுவல்ல, படம் நாடெங்கும் பரவியபோது சேர்க்கப்பட்டது இது என்றுதான் படுகிறது. இது என் ஊகம்தான். அதற்குமேல் எடையேற்ற மாட்டேன்.

ஆண்டைவிடப் பெரிய சிக்கல் பெயர்களில் இருந்தது. 1909-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த விஷயத்தில் கறாரானது: பதிப்புரிமை அறிவிப்பில் அந்தச் சொல்லோடு உரிமையாளரின் பெயரும் சேர்ந்து வரவேண்டும். அறிவிப்பு பழுதென்றால் உரிமையே போச்சு. இந்த அட்டையிலோ டிஸ்னி, ஐவர்க்ஸ், பவர்ஸ் என்று மூன்று பெயர்கள். பதிப்புரிமை என்ற சொல்லுக்கு மிக நெருங்கி நிற்பது பவர்ஸ். டிஸ்னியின் பெயருக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவில் வேறு இரண்டு பெயர்கள். டிஸ்னியிடம் முன்பு ஆய்வாளராக இருந்த ஒருவர்தான் 1990-களில் இதைக் கண்டுபிடித்து, படம் எப்போதோ பொதுச்சொத்தாகிவிட்டது என்று வாதிட்டார். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் டெனிஸ் கர்யாலா தம் வகுப்பில் இதை ஆய்வுப்பொருளாகத் தர, ஒரு மாணவி எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, அந்த வாதம் சரியே என்று 1999-இல் எழுதினார். பிறகு ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மாணவர் ஒருவரும் அதே முடிவோடு விரிவான கட்டுரை எழுதினார். அதை வெளியிட்டால் தங்கள் உடைமைக்கு அவதூறு செய்ததாகும் என்று டிஸ்னி தரப்பு எச்சரித்தது. கட்டுரை 2003-இல் ஒரு சட்ட இதழில் வெளிவந்தது, வழக்கு வரவில்லை. கேள்வி தீர்ப்பு வரைக்கும் போகவே இல்லை.

வாதம் சாமர்த்தியமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை முழுதாக ஏற்க எனக்கு மனமில்லை. ஒலிப்பதிவு செய்தவர் என்று எழுதியிருக்கும் பவர்ஸைப் படத்தின் உரிமையாளர் என்று எந்தப் பாமர ரசிகர் நினைப்பார்? ஐவர்க்ஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இடறுகிறது. எனக்கு அந்த அட்டை சட்டத்தைவிட வேறொன்றுக்கு நல்ல சாட்சி. வால்ட்டின் பெயருக்கு அடுத்தபடியாக ஐவர்க்ஸின் பெயரை எல்லோரும் படிக்கும்படி போட்டுத்தான் ஆகவேண்டும் என்று அந்த ஸ்டூடியோ நினைத்த ஒரு காலம் இருந்தது. அந்தக் காலம் நீளவில்லை. 1930 ஜனவரியில், பவர்ஸின் பணத்தில் சொந்த ஸ்டூடியோ தொடங்குவதற்காக ஐவர்க்ஸ் விலகினார். அட்டையின் இரண்டாவது பெயரும் மூன்றாவது பெயரும் கைகோத்துக்கொண்டு வெளியேறிவிட்டன. முதல் பெயர் தங்கியது.

ஐவர்க்ஸ் தனியாக உருவாக்கிய ஃபிளிப் என்ற தவளை மிக்கியைப்போல் எடுபடவில்லை. 1940-இல் டிஸ்னிக்கே திரும்பி வந்தார். வரைய வரவில்லை, கேமராத் தந்திரங்களும் இயந்திர வேலைகளும் செய்ய வந்தார். அங்கேதான் இந்த லோகோவோடு இன்னொரு முடிச்சு. செலுலாய்டு தாள்களில் பேனாவால் நகலெடுக்கும் வேலையை ஒழித்து, ஓவியரின் பென்சில் கோட்டையே ஜெராக்ஸ் முறையில் தாளுக்கு ஏற்றும் உத்தியை டிஸ்னியில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். 1961-இல் வந்த ‘ஒன் ஹன்ட்ரட் அண்ட் ஒன் டால்மேஷன்ஸ்’ அதனால்தான் சாத்தியமாயிற்று. புள்ளிபோட்ட அத்தனை நாய்களைப் பழைய முறையில் வரைந்திருந்தால் ஸ்டூடியோ திவாலாகியிருக்கும். பென்சில் கோடு நேராகத் திரைக்கு வரலாம் என்று டிஸ்னிக்குக் காட்டியவரின் மிக்கி, பென்சில் கோடாகவே லோகோவில் வருகிறது, அவர் பெயர் மட்டும் இல்லாமல். லோகோவில் பெயர்ப்பட்டியல் போட முடியாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் உறுத்துகிறது.

2007-இல் இந்த லோகோவைச் செய்யவேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? முந்தைய ஆண்டு டிஸ்னி, கம்ப்யூட்டரில் கார்ட்டூன் படமெடுக்கும் பிக்சாரை 740 கோடி டாலர் மதிப்பில் வாங்கியிருந்தது. பிக்சாரின் எட் கேட்முல்லும் ஜான் லாசெட்டரும் டிஸ்னியின் கார்ட்டூன் பிரிவுக்கும் தலைமை ஏற்றார்கள். அதன் பெயரும் வால்ட் டிஸ்னி அனிமேஷன் ஸ்டூடியோஸ் என்று மாறியது. கம்ப்யூட்டர்க்காரர்கள் வந்துவிட்டார்கள், கையால் வரைவது அழிந்தது என்ற பேச்சு எங்கும் இருந்த நேரம். பென்சிலும் தாளுமாக லோகோ வந்தது அதற்கொரு பதில். ஆனால் அது ஒட்டப்பட்ட முதல் படமே முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்தது. அதன்பின் கையால் வரைந்து அவர்கள் வெளியிட்ட முழுநீளப் படங்கள் ‘தி பிரின்சஸ் அண்ட் த ஃப்ராக்’, ‘வின்னி த பூ’ என்ற இரண்டோடு 2011-இல் நின்றுபோயின. பென்சில் மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஆஜராகிறது. ‘ரெக்-இட் ரால்ஃப்’ படத்தில் அதையும் பழைய வீடியோ கேம் கட்டங்களாக மாற்றிவிட்டார்கள். ‘ஃப்ரோசன்’ படத்தில் சீட்டியே இல்லை, அங்கே படத்தின் கூட்டுப்பாட்டு ஒலிக்கிறது.

சட்டம் தெரிந்தவர்கள் அந்த லோகோவில் இன்னொரு கணக்கையும் பார்த்தார்கள். 1909-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு படத்துக்கு அதிகபட்சம் 56 ஆண்டுதான். ‘ஸ்டீம்போட் வில்லி’ 1984-இலேயே எல்லோருக்கும் சொந்தமாகியிருக்க வேண்டும். 1976-இல் சட்டத்தைத் திருத்தி 75 ஆக்கினார்கள், 1998-இல் 95. பதிப்புரிமை என்றாவது தீரும். வணிக முத்திரையோ, புழக்கத்தில் இருக்கும்வரை தீராது. சுக்கான் பிடித்த மிக்கியை ஒவ்வொரு படத்தின் முகப்பிலும் நிறுத்தினால், அது நிறுவனத்தின் முத்திரை என்று ஊர்கூடிச் சாட்சி சொல்லும். அந்த நோக்கத்தில்தான் செய்தார்கள் என்று சொல்லும் காகிதம் எதுவும் என் கண்ணில் படவில்லை. விளைவு அதுவாகத்தான் இருக்கிறது.

2024 ஜனவரி 1 அன்று ‘ஸ்டீம்போட் வில்லி’ அமெரிக்காவில் பொதுச்சொத்தானது. அன்றைக்கே அந்த மிக்கியை வைத்துத் திகில் விளையாட்டும் திகில் படமும் அறிவித்துவிட்டார்கள். கற்பனை வறட்சிக்கு யார் மீதும் வழக்குப் போட முடியாதே. முத்திரைச் சட்டத்தைக் கொண்டு, தீர்ந்துபோன பதிப்புரிமைக்குப் பின்வாசல் வழியாக உயிர்கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘டாஸ்டார்’ வழக்கில் 2003-லேயே சொல்லியிருக்கிறது. ஆகவே அந்தச் சீட்டிக் காட்சியை, பீட் வந்து விரட்டுவதையும் சேர்த்து, யாரும் தங்கள் படத்தில் போட்டுக்கொள்ளலாம். டிஸ்னி தயாரித்தது என்று பார்ப்பவரை ஏமாற்றாத வரையில். அன்றைக்கு விடுதலையான மிக்கிக்குக் கையுறை கிடையாது. வெள்ளைக் கையுறையை மாட்டிவிட்டது 1929-இல் வந்த ‘தி ஆப்ரி ஹவுஸ்’. அதனால் மிக்கியை எடுத்துக்கொண்டவர்கள் ஓராண்டு வெறுங்கையோடு காத்திருந்தார்கள். 2025 ஜனவரி 1 அன்று அந்தப் படமும், அதோடு கையுறையும் வந்துசேர்ந்தன.